அந்த 96 வினாடிகள்

கடந்த பருவத்தில் ஒரு நாள் காலை. எட்டு மணி விரிவுரை தொடங்க ஐந்து நிமிடமே இருந்தது. விடுதியிலிருந்து மோட்டார் சைக்கிளில் விரைந்தேன். நூலகத்துக்கு எதிரே நின்றிருந்த பேருந்தின் முன்பக்கமிருந்து ஒரு மாணவி சாலையில் கால் வைத்தார். நான் பிரேக் பிடித்தேன். அவருடைய புத்தகப்பைக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது.

“மன்னிச்சிடுங்க அக்கா, நான் கவனிக்கல” என்றார்.

அவர் நின்றிருந்தது பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல். தவறு என்னுடையது. மன்னிப்புக் கேட்டதோ அவர். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அன்றிரவு ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடுதியிலிருந்து எங்கள் துறைக் கட்டடத்துக்கு 2 கிலோமீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 144 வினாடி. 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 240 வினாடி. வித்தியாசம் 96 வினாடிதான். அன்று காலை புலனச் செய்திகளைப் பார்ப்பதில் அதைவிட அதிக நேரத்தைச் செலவிட்டிருந்தேன்.

ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட நமக்கு ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடியிலேயே வண்டி சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டரில் வருபவரோ, உலர்ந்த சாலையாக இருந்தால், அந்தத் தூரத்துக்குள் வண்டியை முழுமையாகவே நிறுத்திவிடலாம். மழை பெய்தால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும்.

2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடும் இதையே வலியுறுத்தியது. நடப்பவர்களும் வாகனங்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் வேக வரம்பு 30 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்றது அதன் பிரகடனம். பல்கலைக்கழக வளாகத்தைவிட அப்படிக் கலக்கும் இடம் வேறு எது?

“நடப்பவர்களும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டேதானே கடக்கிறார்கள்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு நானும் அப்படிக் கடந்திருக்கிறேன். ஆனால், நடப்பவர் கவனம் தவறினால் பெரும்பாலும் அடிபடுவது அவர்தான். ஓட்டுபவர் கவனம் தவறினால் அடிபடுவது இன்னொருவர். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வேகத்தைக் குறைப்பது நம்மையும் காப்பாற்றும்.

அறிவுரையும் அறிவிப்புப் பலகையும் மட்டும் போதாது. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது யாரும் பலகையைப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. மாணவர்கள் உண்மையில் கடக்கும் இடங்களில், கடக்கும் பாதையை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டலாம். அவசரத்தில் இருப்பவரும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அதற்குப் பக்கத்தில் பேருந்து நிற்பதைத் தடுக்கலாம். இரவில் நூலகத்திலிருந்து திரும்புவோருக்காக விளக்கும் போடலாம். இவற்றை நிர்வாகத்திடம் கேட்கும் பொறுப்பு மாணவர் மன்றத்துக்கு உண்டு.

கட்டி முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போது நான் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறேன். சில காலைகளில் அதே கோட்டருகே அந்த மாணவியைப் பார்க்கிறேன். வண்டியை நிறுத்துகிறேன். அவர் கையசைத்துக் கடக்கிறார். விரிவுரைக்கு நான் இதுவரை தாமதமாகவில்லை.