பிறர் சொன்னால் கோபம், நாமே சொன்னால் வேடிக்கையா?

கரமனையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த ஒரு சொல் உண்டு. 'பாண்டி' என்பதே அது. பஸ்ஸில் சில்லறைத் தகராறு வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும்போது சண்டை மூண்டாலும் சரி, கடைசியில் அந்தச் சொல் வந்து விழுந்துவிடும். சொல்கிறவர் சிரித்துக்கொண்டே சொல்லலாம். கேட்கிறவருக்கு அது முள்தான். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த முள் ஆழமாகவே இறங்கும். மலையாளம் பேசும்போது நாக்கு சற்றுப் பிசகினால் கேலி. நிறம் கொஞ்சம் கூடுதல் என்றால் கேலி. தலையில் எண்ணெய் வழிந்தாலும் கேலி.

பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் தகப்பனாருக்குக் கோபம் வருகிறது. மறுநாளே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போகிறார். அது நியாயமான கோபம். அதில் யாரும் குறை காண முடியாது.

ஆனால் அதே வீட்டில், அதே சாயங்காலம் நடப்பதையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். காப்பி கொண்டுவந்து வைக்கும் மகளைப் பார்த்து, "இந்தக் கறுப்பியை எவன் தலையில் கட்டுவது?" என்று அவரே கேட்கிறார். ஊரிலிருந்து வந்த அத்தை அவளுடைய பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். பெண் உள்ளே போய்விடுகிறாள். அவளுக்காகப் பேச எந்த ஹெட்மாஸ்டரிடம் போவது?

இந்தக் கேள்வியை 1974லேயே ஒரு நாவல் கேட்டுவிட்டது. ஆ. மாதவன் எழுதிய 'புனலும் மணலும்' என்பது அதன் பெயர். அதை எழுதியவர் வெகு தூரத்தில் இருந்தவர் அல்ல. கரமனையிலிருந்து கிள்ளிப்பாலம் தாண்டினால் வரும் சாலைக் கடைத்தெருவில் பல்லாண்டுகள் கடை நடத்தியபடியே கதை எழுதியவர். 1934ல் திருவனந்தபுரத்தில் பிறந்து, பள்ளியில் மலையாளம் படித்து, தமிழைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். 2015ல் 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்காக அவருக்குச் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 2021 ஜனவரியில் காலமானார். சாலைத் தெருவில் அவர் கடையைக் கடந்து போன தமிழர்களில் எத்தனை பேர் அவருடைய புத்தகத்தைக் கையில் எடுத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நாவலின் கதை எளிமையானது. ஆற்றில் மணல் வாரிப் பிழைக்கும் அங்குசாமி, தங்கம்மை என்ற பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். அவளிடம் அவருக்குப் பிரியம் உண்டு. ஆனால் அவளுடைய முதல் கணவனுக்குப் பிறந்த மகள் பங்கியைக் கண்டால் ஆவதில்லை. காரணம் அந்தப் பெண்ணின் தோற்றம் ஒன்றுதான். அவள் ஒரு தவறும் செய்தவள் அல்ல. வெறுப்பு மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. முடிவை இங்கே சொல்லிவிட்டால் படிக்கப் போகிறவர்களுக்கு நஷ்டம். நல்ல முடிவு அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, அங்குசாமி கெட்டவர் அல்ல என்பதுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று உழைத்துச் சோறு போடுகிற மனிதர். தினசரி ரயிலில் வேலைக்குப் போய்வரும் எந்தத் தகப்பனாரும் அவரிடத்தில் தம் சாயலைக் காணலாம். வில்லன் செய்யும் கொடுமையைப் படித்து, 'இது நம்மைப் பற்றியதல்ல' என்று புத்தகத்தை மூடிவிடலாம். நல்லவர் செய்யும் கொடுமையைப் படித்தால் அப்படி மூட முடியாது. வாரப் பத்திரிகைத் தொடர்களில் அழகில்லாத பெண்ணுக்கு எப்படியும் ஒரு கதாநாயகன் வந்து சேர்ந்துவிடுவான். அல்லது மூக்குக் கண்ணாடியைக் கழற்றியதும் அவளே அழகியாகிவிடுவாள். மாதவன் அந்த ஆறுதலைத் தரவில்லை. தராததுதான் நாவலின் பலம்.

"இத்தனை இருட்டான கதை வளரும் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி உண்டு. 1993ல் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசனின் முதல் நாவல் 1970ல் வந்தது. நீலக் கண் கிடைத்தால் எல்லோரும் தன்னை நேசிப்பார்கள் என்று ஏங்கும் ஒரு கறுப்பினச் சிறுமியின் கதை அது. அதைப் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் எடுக்கச் சொல்லி அங்கே பலமுறை புகார்கள் எழுந்திருக்கின்றன. அந்தக் கதையில் சிறுமியைச் சுற்றி நின்று நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிற பையன்களும் அவளைப் போலவே கறுத்தவர்கள்தான். வெளியே பட்ட அவமானத்தை மனிதன் வீட்டுக்குள் கொண்டுவந்து, தன்னைவிட எளியவர் தலையில் இறக்கி வைக்கிறான். ஒஹாயோவானாலும் கரமனையானாலும் வழக்கம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இருட்டைப் புத்தகம் வந்து காட்ட வேண்டியதில்லை. அவள் அதற்குள்தான் இருக்கிறாள். தன்னைப் போல் இன்னொருத்தியும் பட்டிருக்கிறாள், அதை ஒருவர் மதித்து எழுதியிருக்கிறார் என்று தெரிவது அவளுக்கு ஒரு துணை. அவளுக்கு முன்பாக அதைப் படிக்க வேண்டியவர் அவளுடைய தகப்பனார்.

2001ல் கேரளத்தில் ஆற்று மணல் வாருவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்துவிட்டது. அங்குசாமியின் தொழில் பழங்கதையாகி வருகிறது. அவருடைய வெறுப்பு மட்டும் பழசாகவில்லை. 'பாண்டி' என்ற சொல்லை அயலார் வாயிலிருந்து அகற்ற வெகு காலம் பிடிக்கலாம். 'கறுப்பி' என்ற சொல்லை வீட்டிலிருந்து அகற்ற இன்று சாயங்காலம் காப்பி குடிக்கும் நேரம் போதும். முந்தியதைக் கேட்க உரிமை வேண்டுமானால் பிந்தியதை முதலில் செய்வதே முறை.