தோல் லோடு மேல ஏன் தார்ப்பாய்? பிக்-அப் வண்டி ‘மூடி’க்குப் பின்னால இருக்கும் கதை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் போறவங்களுக்கு இந்தக் காட்சி பழகினதுதான். குட்டி யானை அல்லது பிக்-அப் வண்டி, மேல தார்ப்பாய், இழுத்துக் கட்டிய கயிறு. உள்ளே தோல், சில வண்டிகளில் தோல் கழிவு. இந்த மூடி எப்படி வந்தது? யாரைக் காப்பாத்துது?

பெயர் எங்கிருந்து வந்தது?

கப்பல் சரக்கு நனையாமல் இருக்க, கித்தான் துணியில் தார் பூசி மூடினார்கள். அதுதான் ‘டார்பாலின்’. தமிழில் தார்ப்பாய். கப்பலின் பாய்க்கும் நம்மிடம் அதே சொல்தான். பின்னாளில் கித்தான் போய் பிளாஸ்டிக் ஷீட் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

பிக்-அப்புக்கு மூடி

1925-ல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரில் பிக்-அப் பாடி வைத்து விற்றது. பின்பக்கம் திறந்த பெட்டி. பிறகு அதற்கென்றே ‘டோனோ கவர்’ எனும் மூடிகள் வந்தன. சுருட்டும் வினைல் துணி, மடக்கும் கெட்டி மூடி எனப் பல வகை. இந்தியாவில் இசுசு வி-கிராஸ் (2016), டொயோட்டா ஹைலக்ஸ் (2022) மாதிரி வண்டிகளில் இவற்றைப் பார்க்கலாம்.

ஆனா சரக்கு வண்டியில் இன்னும் தார்ப்பாய்தான். காரணம் சிம்பிள். கெட்டி மூடி, பெட்டியின் விளிம்போடு நின்றுவிடும். நம்ம ஊர் லோடு அதற்கு மேலேயும் ஏறும்.

தோலுக்கு ஏன் அவசியம்?

2005-ல் டாடா ஏஸ் வந்தபின் குறுகிய தூர ட்ரிப்புகள் சுலபமாச்சு. தோல் தொழிலுக்கு இது முக்கியம். பதனிடுவது ஓரிடம், ஃபினிஷிங் ஓரிடம், ஷூ தைப்பது வேறிடம் என வேலை பிரிந்து நடப்பது இங்கே சகஜம்.

* உப்புத்தோல்: மழையில் உப்பு கரைந்தால் அழுக ஆரம்பிக்கும்.
* வெட் ப்ளூ (குரோம் பதனிட்ட ஈரத்தோல்): வெயிலில் திட்டுத்திட்டாகக் காய்ந்தால் சாயம் சமமாகப் பிடிக்காது.
* ஃபினிஷிங் முடிந்த தோல்: நனைந்தால் கறை, பூஞ்சை.

கழிவுக்கு யார் மூடி?

தோலை மூடாவிட்டால் நஷ்டம் முதலாளிக்கு. அதனால யாரும் சொல்லாமலே மூடிடுவாங்க. குரோம் கலந்த சகதியை மூடாவிட்டால்? நஷ்டம் ரோட்டில் போறவங்களுக்கும் பாலாற்றுக்கும்தான். அங்கேதான் சட்டம் தேவைப்படுது.

2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளில், தோல் ஆலைகளின் குரோமியக் கழிவும் பட்டியலில் இருக்கிறது. எங்கிருந்து எங்கே போகிறது என்ற ஆவணம் வண்டியோடு இருக்கணும்.

பாலாறு மாசு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முக்கியத் தீர்ப்பு 1996-ல் வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரணும் என்றது. 2025 ஜனவரி 30-ல் வந்த தீர்ப்பும் இழப்பீட்டையும் ஆற்றை மீட்பதையும் வலியுறுத்தியது. இடையில் கிட்டத்தட்ட 29 வருஷம்!

கவனிக்க வேண்டியது

தார்ப்பாய் கட்டிட்டா எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, லோடு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் ரூ.20,000 அபராதம் உண்டு. அடியில் ஒழுகும் உப்புத்தண்ணியையும் மேலே கட்டின பாய் தடுக்காது.

மொத்தத்தில், விலை உள்ள சரக்குக்கு மூடி தானாக வந்துவிட்டது. விலை இல்லாத கழிவுக்கும் அதே அக்கறை வருதா என்பதுதான் பாலாற்றங்கரை மக்களின் கேள்வி.