பெத்லகேம் மலையும் குற்றால மலையும்

‘தாக்கம்’ என்ற சொல்லை நம் விமர்சகர்கள் கொஞ்ச காலத்துக்கு உபயோகிக்காமல் இருந்தால் தேவலை. அதைச் சொன்னதுமே காரியம் முடிந்ததென்று பேனாவை மூடிவிடுகிறார்கள். வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியைப் (1800) பற்றிப் பேச்சு வந்தால், குற்றாலக் குறவஞ்சியின் தாக்கம் என்று ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு இரண்டு கட்சி. மதம் பரப்ப வந்தவர்கள் தமிழ் உடை உடுத்திக்கொண்டார்கள் என்பது ஒன்று. ஆகா, என்ன சமய சமரசம் என்று மாலை போடுவது மற்றது. உருவம் என்பது உடை, எதை உடுத்தினாலும் உள்ளே உடம்பு மாறுவதில்லை என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. அந்த நம்பிக்கைதான் தப்பு.

கடன் வாங்கியதே குற்றமென்றால் நான் வேலை பார்ப்பது போன்ற வங்கிகளையெல்லாம் மூட வேண்டியதுதான். வாங்கியது என்ன ஆயிற்று என்பதே கேள்வி. கிறிஸ்தவம் முதன்முதலாகப் பெரிய அளவில் உருவங்களைக் கடன் வாங்கியது கிரேக்க, ரோமானியக் கலையிடம். அங்கே என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு நம்மூருக்கு வரலாம்.

ஜெர்மனியில் குவெட்லின்பர்க் நகரில் கிடைத்த 5ஆம் நூற்றாண்டு விவிலியச் சுவடியில் சில ஏடுகளே மிஞ்சியிருக்கின்றன. வர்ணம் உதிர்ந்த இடங்களில், ஓவியனுக்கு லத்தீனில் எழுதிய கட்டளைகள் தெரிகின்றன: இன்னாரை வரை, இன்ன இடத்தில் வரை என்று. எப்படி வரைவது என்பதைக் கை அறியும். வர்ஜில் காவியத்துக்குப் படம் எழுதிய ரோமானியப் பட்டறையே இதையும் எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே சவுல் ராஜா ரோமானியத் தளபதியின் உடுப்பில் நிற்கிறான். கட்டளை வேதத்துடையது, கை காவியத்துடையது.

10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் உருவாகி இப்போது பாரிஸில் இருக்கும் சங்கீதச் சுவடி இன்னும் துணிச்சலானது. தாவீது ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்து யாழ் வாசிக்கிறான். பழைய ஆர்ஃபியஸின் சாயல். பக்கத்தில் ‘மெலோடியா’ என்று பெயர் எழுதிய ஒரு பெண், கலைத்தேவதை மாதிரி. கீழே மூலையில் அரை நிர்வாணமாக ஓர் ஆண் சாய்ந்து கிடக்கிறான். அவன்தான் பெத்லகேம் மலை, பெயரும் எழுதியிருக்கிறது. மலையை ஆளாக எழுதுவது விக்கிரக ஆராதனைக்காரர்களின் வழக்கம். அதை ஒழிக்க வந்த மதம், தன் ரட்சகர் பிறந்த ஊரின் மலைக்கே அந்த உடம்பைக் கொடுத்தது. இது உடையா?

இனி நம் பக்கம். வாசுதேவநல்லூரிலிருந்து தெற்கே போய்த் தென்காசியைத் தாண்டினால் குற்றாலம். அங்கே மேலகரம் திரிகூட ராசப்பக் கவிராயரின் குறத்தி தன் மலையின் பெருமையைப் பாடி, வசந்தவல்லியின் கை பார்த்துக் குறி சொன்னாள். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் புகழடைந்த சாஸ்திரியார் அதே வார்ப்பை எடுத்தார். தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறத்தி, விசுவாசம்.

எல்லாம் தேறியது என்று சொல்ல மாட்டேன். கவிராயரிடம் பறவை பறவைதான். சிங்கனுக்கோ அதைப் பிடிப்பதைவிடச் சிங்கியின் நினைப்பே பெரிது. சாஸ்திரியாரிடம் பறவை ஆத்துமா, சிங்கன் போதகர், நூவன் உபதேசியார். ஒவ்வொன்றின் முதுகிலும் அர்த்தச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. வாசகன் வாசித்துவிட்டுப் போக வேண்டியதுதான். இங்கே கடன் வீண்.

ஆனால் குறத்தி சீட்டுக்கு அடங்கவில்லை. குறி கேட்பதைப் பாவமென்று விலக்குகிறது விவிலியம். அந்த விவிலியத்தின் விசுவாசம் இங்கே குறிசொல்லி. குருவுமில்லை, குலமகளுமில்லை, கூடையோடு ஊர் சுற்றும் மலைப்பெண். திருச்சபையே அவளிடம் கையை நீட்டி நிற்க வேண்டியிருக்கிறது. 1820களின் பிற்பகுதியில் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கப் புதிய மிஷனரிகள் முற்பட்டபோது எதிர்த்து நின்றவர் இதே சாஸ்திரியார். கவிஞர் ஒத்துக்கொள்ளாததை அவர் எடுத்த உருவம் முன்னமேயே ஒத்துக்கொண்டுவிட்டது. குறத்தியைக் கூப்பிட்டவர் அவளுடைய ஜாதியை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்ல முடியாது.

உடை என்பவர்களும் சமரசம் என்பவர்களும் காணாமல் விட்டது இதைத்தான். கடன் வாங்கிய உருவம் வாங்கியவனின் சொற்படி மட்டும் நடப்பதில்லை; அவன் மறைத்ததையும் பேசிவிடுகிறது. அது எங்கே பேசுகிறது, எங்கே வாயடைத்துப் போகிறது என்று வரிவரியாகக் காட்டுவதே விமர்சனம். பெத்லகேம் குறவஞ்சிக்கு அந்த வேலையைச் செய்தவர்கள் அபூர்வம். புகழ்ந்தவர்களுக்கும் பழித்தவர்களுக்கும் குறைவில்லை.