எண்ணெய் மேல பழி போடாதீங்க பாஸ்!

நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தன் இருக்கான். பேர் வேணாம், ஊர் தர்மபுரி, அது போதும். அவன் கார் நாலு ரோட்டைத் தொடறதுக்கு முன்னாடியே சத்தம் வந்து சேர்ந்துடும். டீக்கடை அண்ணன் கிளாஸைக் கழுவி ரெடியா வெச்சுடுவார். "உங்க ஆளு வர்றாப்ல தம்பி!"

கார் என்னவோ பழைய ஸ்விஃப்ட்தான். பெட்ரோல் வண்டி, 15 வருஷத்தை முடிக்கப் போகுது. பெரியப்பா பையன் வெளிநாடு போறப்போ இவன் தலையில கட்டிட்டுப் போனது. அதுல நம்மாளு செஞ்ச முதல் நல்ல காரியம், ஒரிஜினல் சைலன்ஸரைக் கழட்டி பரண்ல போட்டுட்டு, எவர்சில்வர் பளபளப்புல ஒரு புது சைலன்ஸர் மாட்டினது. எங்கேயோ வெளியூர்ல ஒரு கடை. முக்கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சுதாம். "என்னா ஸ்பீடு தெரியுமா மச்சான்!"னு அதுக்கும் ஒரு பெருமை.

நாலு நாள்லயே லேசா சந்தேகம் வந்துச்சு. ஸ்பீட் பிரேக்கர் ஏறினா அடியில 'டங்'னு ஒரு சத்தம். பின்னாடி நின்னு பார்த்தா குழாய் வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருந்துச்சு, வெத்தலை போட்ட பாட்டி மாதிரி. கேட்டா, "அதெல்லாம் ஓட ஓட செட் ஆயிடும்"னான். செருப்பு வேணா ஓட ஓட செட் ஆகும். சைலன்ஸர் ஆகுமா? நாங்களும் கேக்கலை. ஓசியில வண்டி கிடைக்கறப்போ யாருங்க கேள்வி கேப்பா?

இந்த நேரத்துலதான் ஒகேனக்கல் ப்ளான் வந்துச்சு.

தர்மபுரியில இருந்து இண்டூர், பென்னாகரம் வழியா 45 கிலோமீட்டர் சொச்சம். எங்க கார்ல அஞ்சு பேர், மத்தவங்க பைக்ல. பிரியாணி அண்டா எங்க வண்டியில. அண்டா டிக்கிக்குள்ள போச்சு, டிக்கி மூடலை. கயிறு போட்டுப் பாதியில கட்டிக்கிட்டோம். போறப்போ ஜன்னல் எல்லாம் திறந்திருந்துச்சு, ஒரு பிரச்னையும் இல்லை. அங்கே போய் மசாஜ் தாத்தாகிட்ட தலையைக் குடுத்தோம். அவர் அரைப் படி எண்ணெயை ஊத்தி மத்தளம் வாசிச்சார். குளிச்சோம், வறுத்த மீனைக் கட்டினோம், அண்டாவைக் காலி பண்ணினோம். காலி ஆனாலும் அண்டா அண்டாதானே? திரும்பறப்பவும் டிக்கி திறந்தேதான்.

கிளம்பறப்போ மழை பிடிச்சுக்கிச்சு. நாலு கண்ணாடியையும் ஏத்தியாச்சு. மலை ஏற ஏற எனக்குத் தலை விண் விண்னு தெறிக்க ஆரம்பிச்சுது. பக்கத்துல இருந்தவன் ஏற்கெனவே வாயைப் பொளந்து தூங்கிட்டு இருந்தான். ஓரத்துல இருந்தவன் "வண்டியை நிறுத்துடா"ன்னு இறங்கி, சாப்பிட்டது மொத்தத்தையும் ரோட்டோரக் குரங்குகளுக்குத் திருப்பிக் குடுத்தான்.

"எண்ணெய் தேய்ச்சு குளிச்சுட்டுத் தூங்கினா இப்படித்தான் தலை பாரமா இருக்கும். எங்க ஆத்தா சொல்லும்." இது ஒருத்தன். "இல்லடா, மீன் பழசு." இது இன்னொருத்தன். பென்னாகரத்துல இறங்கி டீ குடிச்சோம். கால் மணி நேரம் மழைக்காத்துல நின்னதும் எல்லாருக்கும் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. மறுபடி வண்டியில ஏறி இண்டூர் தாண்டறதுக்குள்ள மறுபடி அதே விண் விண். எண்ணெய்னா டீக்கடையில மட்டும் எப்படி லீவு விட்டுச்சு? இந்தக் கேள்வி அப்போ ஒருத்தன் மண்டைக்கும் ஏறலை. மண்டை அந்த நிலைமையில இல்லைங்கறதுதான் மேட்டரே.

மறுநாள் 'டங்' சத்தத்துக்காக மட்டும்தான் ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். ஓசூர்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்துட்டு வந்தவர். (2004-ல கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரியற வரைக்கும் ஓசூரும் நம்ம தர்மபுரி மாவட்டம்தான். அந்தப் பழைய உரிமையில இன்னிக்கும் இங்கே பாதிப் பேருக்கு வண்டித் தொழில் சொல்லிக்குடுத்த ஊர் அது.) வண்டியைப் பள்ளத்து மேல நிறுத்தி, அடியில டார்ச் அடிச்சுப் பார்த்தவர் மேல வந்து கேட்ட முதல் கேள்வி: "இந்த வண்டியில உக்காந்தா யாருக்காவது தலை வலிக்குதா?"

நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கதையைச் சொன்னோம். அண்ணன் சிரிக்கலை.

"எண்ணெய் மேல பழி போடாதீங்க தம்பி. புகையைக் குடிச்சுட்டு வந்திருக்கீங்க."

எங்களையும் பள்ளத்துக்குள்ள இறக்கிக் காட்டினார். முன் பக்கம், எஞ்சின்ல இருந்து வர்ற பைப்பும் நடு பைப்பும் சேர்ற இடத்துல மை பூசின மாதிரி கரும்புகை படிஞ்சிருந்துச்சு. அங்கே கம்பெனிக்காரன் ஸ்பிரிங் வெச்ச போல்ட் போட்டிருப்பான். எஞ்சின் ரப்பர் மவுன்ட்ல உக்காந்து ஆடற ஜீவன். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவை வாங்கிக்கறதுக்குத்தான் ஸ்பிரிங். வெல்டிங்குக்காக மொத்தப் பைப்பையும் இறக்கின கடைக்காரர், திரும்ப மாட்டறப்போ ஸ்பிரிங்கைக் கடாசிட்டு சாதா போல்ட்டைப் போட்டு இறுக்கிட்டார். நடுவுல வர்ற கேஸ்கெட்டும் பழசேதான். எஞ்சின் அசைய, ஜாயின்ட் அசைய மறுக்க, கேஸ்கெட் பொடியாகி வழி விட்டிருக்கு. அதுவும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி. அதாவது சுத்தம் பண்ணாத பச்சைப் புகை, நேரா எங்க கால் மாட்டுல.

அடுத்து பின்னாடி கூட்டிட்டுப் போனார். குழாய் வாய் பம்பரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கணும். இதுல ரெண்டு விரக்கடை உள்ளேயே நின்னுடுச்சு. பம்பர் அடியைத் தடவினா பிளாஸ்டிக் இளகி அப்பளம் மாதிரி நெளிஞ்சிருந்துச்சு. அங்கே ஊதற புகை வெளியே போகாம வண்டி முதுகுலயே சுத்தும். ஓடற வண்டிக்குப் பின்னாடி காத்தழுத்தம் குறையும். மண் ரோட்டுல போற பஸ் பின்னாலயே புழுதி சுருண்டுக்கிட்டு வரும் பாருங்க, அதே விஷயம்தான். டிக்கியைத் திறந்து வெச்சு, கண்ணாடியை எல்லாம் ஏத்திட்டா, அந்தப் புகைக்கு நாமளே வெத்தலை பாக்கு வெச்ச மாதிரி. பெரிய சாமான் ஏத்தி டிக்கியைத் திறந்து வெச்சு ஓட்டியே ஆகணும்னா முன் கண்ணாடியை இறக்கி, புளோயரை வெளிக்காத்து எடுக்கற பக்கம் திருப்பி வைக்கணும்னார் அண்ணன்.

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல ஆசையா இதைக் கட்டிப் பிடிச்சுக்கும். அப்புறம் ஆக்ஸிஜனுக்கு சீட் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம். எங்க வண்டியில மூணும் ஆளுக்கு ஒண்ணா உக்காந்திருந்துச்சு. நாலாவதா ஒண்ணு உண்டு, அது வந்திருந்தா இந்த வாரம் இந்தப் பக்கத்துல வேற யாராவது எழுதிட்டு இருந்திருப்பாங்க. வாயைப் பொளந்து தூங்கினவனை நாங்க வழி முழுக்கக் கலாய்ச்சுட்டு வந்தோம். இப்போ நினைச்சா அடிவயித்துல ஐஸ் வெச்ச மாதிரி இருக்கு. டிரைவர் ஸீட்ல இருந்தவனுக்கு அந்தத் தூக்கம் வந்திருந்தா? மலை ரோடு, மழை வேற.

சரி, அண்ணன் எப்படி சரி பண்ணினார்? அதைப் பார்க்கறதே ஒரு செமஸ்டர் பாடம்.

முதல் வேலையா, இறுக்கியிருந்த எல்லாத்தையும் லூஸ் பண்ணினார். கல்யாணத்துக்குப் பந்தல் போடறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரு மூலையில முடிச்சை இறுக்கிட்டு அடுத்த மூலைக்குப் போக மாட்டாங்க. மொத்தத்தையும் நிறுத்தி, நேர் பார்த்துட்டு, அப்புறம்தான் முடிச்சு. அதே டெக்னிக்தான். எஞ்சின் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு எல்லா நட்டையும் கையாலயே பாதி திருகி, பைப்பை ரப்பர் வளையங்கள்ல தொங்க விடணும். திருப்ப வேண்டிய இடத்துல திருப்பி, எங்கேயும் இடிக்கலைன்னு பார்த்துட்டு, முன்னாடி இருந்து பின்னாடியா இறுக்கிட்டே வரணும். அந்தக் கடையில பண்ணினது தலைகீழ். பம்பர்ல அழகு பார்த்துப் பின்னாடி முதல்ல இறுக்கிட்டாங்க. உள்ளே இருந்த கோணல் எல்லாம் முன் ஜாயின்ட் தலையில போய் உக்காந்துடுச்சு.

இடைவெளி பார்க்கறது அடுத்த கூத்து. வண்டி சும்மா நிக்கறப்போ இடிக்காத பைப், நாலு பேர் ஏறினா இடிக்கும். பாடி இறங்கும், பின் ஆக்ஸில் மேல ஏறும். அந்த 'டங்' அதுதான். "ஏறி உக்காருங்கப்பா"ன்னு எங்க அஞ்சு பேரையும் வண்டிக்குள்ள திணிச்சுட்டு, "குதிங்க"ன்னார். குதிச்சோம். கீழே பள்ளத்துல இருந்து "இன்னும்!"னு குரல். அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் வேடிக்கை பார்க்க, ஒரு கிளாம்ப்பை லூஸ் பண்ணிப் பைப்பை ரெண்டு நூல் திருப்பினார். மறுபடி குதிச்சோம். 'டங்' போயே போச்சு. இதே மாதிரி ஜாக்கி வெச்சு, சக்கரம் தொங்கற நிலையிலயும் ஒரு தடவை பார்த்தார்.

"விரல் போற கேப் இருந்தா போதுமாண்ணா?"

"இப்போ பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு தம்பி. சூடானா நீளும்."

நாமதான் இன்ஜினீயரிங் ஆச்சே! தரையிலயே குச்சியை எடுத்துக் கணக்குப் போட்டேன். பைப் 3 மீட்டர். சூடு 300 டிகிரி ஏறுதுன்னு வெச்சுக்குவோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு டிகிரிக்கு, தன் நீளத்துல பத்து லட்சத்துல 17 பங்கு நீளும். பெருக்கினா 15 மில்லிமீட்டர். ஒண்ணரை சென்டிமீட்டர் பாஸ்! சாதா இரும்பா இருந்தா 11-க்குப் பக்கம். முதல் வருஷம் தெர்மல் எக்ஸ்பான்ஷனை மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினப்போ, அது என் தலைக்கு ஒன்றரை அடி கீழே நடக்கற விஷயம்னு எவனும் சொல்லலை. அண்ணன் கணக்குப் போடலை. ஆனா ரப்பர் வளையங்களைப் பின்னாடி நீள இடம் விட்டு மாட்டியிருந்தார். வளையம் முறுக்கிக்கிட்டோ இழுத்துப் பிடிச்சுக்கிட்டோ நின்னா, சூட்டுல அறுந்துடுமாம்.

புது கேஸ்கெட், ஸ்பிரிங் போல்ட் எல்லாம் போட்டு, குழாய் வாயையும் பம்பருக்கு வெளியே கொண்டு வந்தப்புறம் டெஸ்ட். வண்டியை வெட்டவெளியில நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கறப்பவே ஸ்டார்ட் பண்ணி, கையில தடிச்ச கிளவுஸோட, ஈரச் சாக்கை மடிச்சு குழாய் வாயில ஒரு நொடி அழுத்தினார். எங்கேயாவது லீக் இருந்தா 'உஸ்'னு அங்கே காட்டிக் குடுத்துடும். ஒரு சத்தமும் இல்லை. ஜாயின்ட்டுல சோப்புத் தண்ணி ஊத்தினார், குமிழி இல்லை.

நம்மாளு முகத்துல பல்பு எரிஞ்சுது. "அப்போ இதே சைலன்ஸரை வெச்சுக்கலாமா அண்ணா?"

"புகை வராது. சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை. 15 வருஷ வண்டி, ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கொண்டு போய் நிறுத்தணும்ல? அங்கே என்ன சொல்லுவே?"

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினா பகீர்னுச்சு. இந்த மாதிரிக் கார்களுக்கு நம்ம நாட்டுல 2005-ல வந்த சத்த வரம்பு 74 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, கம்பெனி சொன்னதுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். சத்த அளவை மீறினா 10,000 வரைக்கும் தனி. 1989 விதிகள்ல இன்னொண்ணும் இருக்கு. சைலன்ஸர் பைப், பெட்ரோல் லைன்ல இருந்து 35 மில்லிமீட்டருக்குள்ள வரக்கூடாது. நம்ம கோணவாய் சைலன்ஸருக்கு அது என்ன இடைவெளி விட்டிருந்துச்சோ, அண்ணன் அளக்கலை, நாங்களும் கேக்கலை. பயம்தான்.

சத்தம்தான் வேணும்னா அதுக்கும் இடம் இருக்கு. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ஃபார்முலா பாரத் போட்டி நடக்கும். நம்மள மாதிரி காலேஜ் பசங்களே ரேஸ் கார் டிசைன் பண்ணி, கட்டி, ஓட்டணும். அங்கேயும் சும்மா விட மாட்டாங்க. குழாய் வாயில இருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்துல மைக் வெச்சு அளப்பாங்க. வரம்பைத் தாண்டினா சரி பண்ணிட்டு வர்ற வரைக்கும் டிராக்குல இறங்க முடியாது. ராத்திரி பூரா முழிச்சு சைலன்ஸரோட மல்லுக்கட்டற டீம் எல்லாம் உண்டு.

கடைசியில நம்மாளு ஒரிஜினலையே மாட்டிடலாம்னு முடிவு பண்ணி, ஏணி போட்டுப் பரண் ஏறினான். பழைய சூட்கேஸ், உடைஞ்ச கேரம் போர்டு, தங்கச்சியோட கொலுப்படி எல்லாம் இருந்துச்சு. சைலன்ஸரைக் காணோம்.

"அம்மா! இங்கே ஒரு இரும்புக் குழாய் இருந்துச்சே?"

"அந்தத் துருப்பிடிச்சதா? போன மாசமே பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டாச்சே!" அடுக்களையில இருந்து பதில் வந்துச்சு. "நீ கூடத்தான் அந்தப் பேரீச்சம்பழத்தைத் தின்னே."

கம்பெனி சைலன்ஸர் புதுசா வாங்கறதுக்கு அஞ்சு பேரும் பாக்கெட் மணி போட்டோம். அன்னிக்கு அந்தப் புகையை அஞ்சு பேரும்தானே குடிச்சோம்? பளபளப்பு சைலன்ஸர் இப்போ அதே பரண்ல, கேரம் போர்டு பக்கத்துல தூங்குது. அம்மா கண்ணுல படாத மாதிரி கோணி போட்டு மூடி வெச்சிருக்கான்.

போன ஞாயித்துக்கிழமை மறுபடி ஒகேனக்கல் போனோம். அண்டா இல்லை, டிக்கி மூடியிருந்துச்சு. அதே தாத்தா, அதே அரைப் படி எண்ணெய், அதே மத்தளம். மீன் மட்டும் ஒரு துண்டு கூடுதல். திரும்பி வர்ற வழி முழுக்க ஒருத்தனும் தூங்கலை. தலை வலிக்குதா வலிக்குதான்னு ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கிட்டே வந்ததுல, நாலு ரோடு வர்றப்போ எனக்கு நிஜமாவே லேசா வலிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. டீக்கடையில போய் நின்னா கிளாஸ் ரெடியா இல்லை.

"எப்போ வந்தீங்க தம்பி? சத்தமே கேக்கலையே!"