பதிவு உங்களுடையதா, பெட்டியுடையதா?

உங்கள் வீட்டில் கட்டணத் தொலைக்காட்சியின் பதிவுப் பெட்டி இருக்கிறதா? அதில் என்னென்ன சேமித்து வைத்திருக்கிறீர்கள்? உள்ளூர்த் தமிழ் நாடகம், தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி, உறவுக்காரப் பிள்ளை பாடிய பாட்டுப் போட்டி எனப் பட்டியல் நீளும். இவை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், ‘எங்களுக்குத்தான்’ என்பீர்கள். அந்தப் பெட்டியின் வன்தட்டைக் கழற்றிக் கணினியில் பொருத்திப் பாருங்கள். ஒரு காட்சிகூடத் திறக்காது.

காரணம் எளிது. துணைக்கோளிலிருந்து வரும் கட்டண அலைவரிசை மறையாக்கம் செய்யப்பட்டே வருகிறது. அதைத் திறக்கும் சாவி உங்கள் அட்டையிலும் பெட்டியிலும் இருக்கிறது. பெட்டி அந்த நிகழ்ச்சியைப் பதியும்போது மறுபடியும் பூட்டித்தான் வைக்கிறது. அந்தப் பூட்டின் சாவி அதே பெட்டிக்குள் உள்ள சில்லில் இருக்கும். பெட்டி பழுதானாலோ, மாற்றப்பட்டாலோ, சந்தாவை நிறுத்தினாலோ பெரும்பாலும் பதிவுகளும் போய்விடும். மேகச் சேமிப்பு என்று இப்போது சொல்லப்படுவதும் இதன் அடுத்த படிதான். அங்கே வன்தட்டுகூட உங்கள் வீட்டில் இல்லை.

இது சிறிய விஷயமன்று. செமினியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடங்களில் இன்று தாமான்கள் எழுந்து நிற்கின்றன. காலையில் காஜாங் வழியாக வேலைக்குப் போகிறவர்கள் நெரிசலில் சிக்கி வீடு திரும்புவதற்குள் தமிழ்ச் செய்தி முடிந்துவிடும். இவர்களுக்குப் பதிவு வசதி ஆடம்பரம் அல்ல, தேவை. நம் மக்களின் கலை, பேச்சு, முகங்கள் ஆகியவற்றுக்கு வீட்டுப் பதிவுகளே பல குடும்பங்களில் ஒரே ஆவணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்காகப் பதிவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் கிடைத்த தீர்ப்பு அது. பக்கத்துச் சிங்கப்பூரிலும் 2010இல், இணையம் வழியே பதிவு வசதி தந்த ரிகார்ட்டிவி நிறுவனத்துக்கு ஆதரவாக மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

ஆனால் நம் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவு, உரிமையாளர் போட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தடை செய்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தக் கதைதான். பதியலாம் என்கிறது ஒரு பிரிவு. பதிவதற்கு வழியில்லாமல் பூட்டி வைக்கிறது பெட்டி. அந்தப் பூட்டைத் தொடாதே என்கிறது இன்னொரு பிரிவு.

பூட்டு இல்லாத வழி

நல்ல வேளையாக, எல்லா அலைவரிசைக்கும் பூட்டு இல்லை. 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் மைஃப்ரீவியூ என்ற பெயரில் இலவச இலக்கவியல் ஒளிபரப்பு வருகிறது. டிவிபி-டி2 என்ற முறையில் வரும் இதற்கு ஒரு யுஎச்எஃப் ஆன்டெனா போதும். ஆர்டிஎம்மின் டிவி2இல் வரும் தமிழ்ச் செய்தியும் தமிழ்ப் படங்களும் இதில் கிடைக்கும். கனமழை பெய்தால் துணைக்கோள் அலை மங்கி, பதிவு பாதியில் அறுந்துவிடும். தரைவழி அலைக்கு மழையால் அவ்வளவு பாதிப்பு இல்லை. ஆனால் குன்று மறைக்கும் வீடுகளில் ஆன்டெனாவை உயரத்தில், சரியான திசையில் பொருத்த வேண்டும்.

எளிய வழி, யுஎஸ்பி பதிவு வசதியுள்ள இலக்கவியல் பெட்டியில் ஒரு வெளி வன்தட்டைச் செருகுவது. வாங்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து நிமிடம் பதிந்து, வன்தட்டைக் கணினியில் பொருத்துங்கள். ஓடினால் பதிவு உங்களுடையது. சில பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் இங்கேயும் பூட்டுப் போடுகின்றன. அப்படிப்பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடம் எவ்வளவு தேவை? ஒளிபரப்பு நொடிக்கு 6 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.7 கிகாபைட். 1 டெராபைட் வட்டில் சுமார் 370 மணி நேரம் அடங்கும். வட்டு ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. மூன்று மணி நேரப் படம் துண்டு துண்டாகத்தான் பதிவாகும்.

கணினியில் கை வைக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கு 2018இல் வந்த டிவி ஹேட் பலகை, டிவிபி-டி2 அலையைப் பிடிக்கும். டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள், நிகழ்ச்சி நேரம் பார்த்துத் தானே பதிந்து வைக்கும். வீட்டில் உள்ள எந்தத் திரையிலும் பார்க்கலாம். மாதக் கட்டணம் கிடையாது.

கடைகளில் ‘எல்லாச் சேனலும் இலவசம்’ என்று விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளை மாற்று வழியாக நினைக்காதீர்கள். திருட்டு ஒளிபரப்புக் கருவிகளை விற்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமும், 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. நம் கலைஞர்களின் வயிற்றில் அடிக்கும் வேலையும் அதுவே.

கட்டண அலைவரிசைகளின் கதவை நாம் உடைக்க முடியாது, தட்டலாம். நம் நாட்டில் எடுக்கப்பட்ட தமிழ் நிகழ்ச்சிகளையாவது, சந்தாதாரர் தம் வீட்டுக்குள் வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ள வழி வேண்டும். பெட்டியைத் திரும்பப் பெறும்முன் பதிவுகளை எடுத்துக்கொள்ள அவகாசம் வேண்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இதைக் கட்டண நிறுவனங்களுக்கு நிபந்தனையாக்கலாம்; சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உரிமைதான் இது.

அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது, எத்தனை அலைவரிசை என்று மட்டும் கேட்காதீர்கள். ‘என் பதிவு நாளைக்கும் என்னிடம் இருக்குமா?’ என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், முக்கியமானதை இலவச ஒளிபரப்பிலிருந்து நீங்களே பதிந்து, இரண்டு வட்டுகளில் வைத்துக்கொள்ளுங்கள்.