விளையாட்டுத்தனம் என்று யாரைச் சொல்கிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவுதான். முழுசாகப் படித்துவிட்டு, மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள்.

என்னிடம் படித்த ஒருவரின் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நம் வேங்கிக்கால் பிள்ளைதான். தேங்காய் ஓடு, பழைய சிடி, உடைந்த ஓடு, சிமெண்ட் சாக்கு என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் படம் வரைகிறாள். வரைந்ததன் மேல் நூல், பொத்தான், நெல் உமி என்று எதையாவது ஒட்டுகிறாள். கவின் கலைக் கல்லூரியில் சேரப் போகிறாள் என்று தெரிந்ததும் நம் குழுவில் மூன்று தீர்ப்புகள் வந்தன. "இது வெள்ளைக்காரன் ஃபேஷன்", "வெறும் விளையாட்டுத்தனம்", "சோறு போடுமா?" மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் வெள்ளைக்காரன். கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சிக்குப் போகும் கொப்பரையில் என்ன வரைந்திருக்கிறது? அர்த்தநாரீஸ்வரர். உலோகக் கொப்பரை மேல் வண்ணம். உள்ளே நெய், திரி, தீ. அதைத்தானே 11 நாள் கைகூப்பிக் கும்பிடுகிறோம்? மார்கழியில் அரிசி மாவுக் கோலத்தின் நடுவே சாண உருண்டை வைத்து அதில் பூசணிப் பூ செருகுகிறோமே, அதற்கு என்ன பெயர்? மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசும்போது "கொம்பு என்ன காகிதமா?" என்று எந்த மாடாவது கேட்டதுண்டா?

உங்கள் பூஜை அறைத் தஞ்சாவூர் ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து மேடாக்கிய நகைகள், அவற்றின் மேல் தங்க ரேக்கு, இடையிடையே கண்ணாடிக் கற்கள். பலவகைப் பொருளைச் சேர்த்துப் படம் செய்வது நம் பாட்டன் சொத்து. பணக்காரர் வீட்டுச் சுவரில் இருந்தால் பாரம்பரியம், ஒரு சின்னப் பெண் சாக்கில் செய்தால் ஃபேஷனா?

இரண்டாவது, விளையாட்டுத்தனம். கே. ஜி. சுப்ரமணியன் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? 1924-இல் வட கேரளத்துக் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். பிறகு சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்று, பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்தார். அவர் வரையாத பரப்பு குறைவு. சுடுமண் துண்டுகளை அடுக்கி லக்னோ ரவீந்திராலயத்தில் 1963-இல் ஒரு பெரிய சுவர்ச் சிற்பம் செய்தார். பரோடாவில் நடந்த கலைச் சந்தைக்காக மரத்திலும் தோலிலும் மணிகளிலும் பொம்மைகள் செய்தார். கண்ணாடியின் பின்பக்கமும் அக்ரிலிக் தகட்டின் பின்பக்கமும் வரைந்தார். குழந்தைகளுக்குப் படப் புத்தகங்கள் போட்டார். அவர் படங்களில் பூனையும் குரங்கும் தேவியும் ஒரே தெருவில் குடியிருப்பார்கள். இத்தனை விளையாடியவருக்கு 2012-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. 2016-இல் மறைந்தார்.

கண்ணாடியின் பின்பக்கம் வரைவது எப்படி என்று தெரியுமா? காகிதத்தில் பின்னணியைப் பூசிவிட்டுக் கண்ணையும் நகையையும் கடைசியில் வைப்போம். கண்ணாடியில் எல்லாமே தலைகீழ். கண்ணின் கருமணி முதலில், முகம் அதற்கு அப்புறம், வானம் கடைசியில். இடம் வலமாக மாறும். முகம் பூசிய பிறகு கண்ணைத் திருத்த நினைத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். முடிவை மனசில் முழுசாகப் பார்த்துவிட்டு முதல் புள்ளியை வைக்க வேண்டிய வேலை இது. கணக்கில் நல்ல மார்க் வாங்கிய என் மாணவர்களே, இதை ஒருமுறை செய்து பாருங்கள், பிறகு விளையாட்டுத்தனம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, சோறு. நியாயமான கேள்வி. ஓவியம் படித்தால் முதல் மாதமே சம்பளம் வரும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டவர்கள்தான். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். துணியில் வரையத் தெரிந்த கைதான் ஓவியம் தீட்டும் கைக்குச் சோறு போட்டது. பல பரப்பில் வேலை செய்யத் தெரிந்தவருக்குப் பிழைக்க வழியும் பல. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடி அலையும் பிள்ளைகள் நம் தெருவிலேயே உண்டு. அவர்களிடம் யாராவது "சோறு போடுமா?" என்று முன்கூட்டியே கேட்டீர்களா?

இந்த இளக்காரம் பள்ளியில் ஆரம்பிக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என்று எல்லாவற்றுக்குமாக 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் வருடக்கணக்கில் போராடி வருகிறார்கள். ஓவியம் சொல்லித்தருபவருக்கு நாம் கொடுத்த மரியாதை அதுதான் என்றால், ஓவியம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு என்ன மரியாதை கிடைக்கும்? அந்த ஓவிய வகுப்பையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிடுங்கிக்கொள்ளும் பள்ளிகள் எத்தனை!

என் மாணவர்களில் இன்று தலைமை ஆசிரியர்களாக இருப்பவர்கள் பலர். உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓவிய வகுப்பைப் பிடுங்காதீர்கள். பெற்றோராக இருப்பவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், "வாரத்தில் எத்தனை ஓவிய வகுப்பு? உண்மையிலேயே நடக்கிறதா?" என்று கேளுங்கள். கவின் கலைக் கல்லூரி சென்னையிலும் இருக்கிறது, கும்பகோணத்திலும் இருக்கிறது, இரண்டும் அரசுக் கல்லூரிதான். விண்ணப்பிக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பணம் தரச் சொல்லவில்லை. வீட்டில் உடைந்த ஓடு, பழைய சிடி இருந்தால் கொடுத்து அனுப்புங்கள். அறிவுரையை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.