இல்லமும் கருவியும்: காகித நறுக்கி நின்றுபோனால்

பெரியபட்டினத்திலிருந்து வாசகி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவருடைய தம்பி, விடுமுறைக்கு வந்தபோது காகிதம் நறுக்கும் எந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். ஓராண்டு குறையின்றி ஓடியதாம். மழைக்காலம் கழிந்தபின் பொத்தானை அழுத்தினால் முனகுகிறதே தவிரச் சுழல்வதில்லையாம். பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டார். அதற்குமுன் ஏதேனும் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார் அவர்.

செய்து பார்க்கலாம், செய்தே தீரவேண்டும் என்பது நம் விடை. முனகும் எந்திரம் செத்த எந்திரம் அன்று. பங்கு அலுவலகங்களிலும், வீட்டிலிருந்தே கணக்கெழுதுவோரிடத்திலும் இக்கருவி இப்போது புழங்குவதால், விடையை எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறோம்.

இது ஆடம்பரப் பொருளா?

காகிதத்தைக் கையால் கிழித்தால் ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். பெரியபட்டினத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அவ்வூரில் கண்டெடுத்தவற்றுள் சீனப் பீங்கான் சில்லுகளும் உண்டு. முழுப் பாத்திரம் கிடைக்காவிட்டாலும், அந்தச் சில்லுகளைக் கொண்டே 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சீனத்தோடு அத்துறைமுகம் நடத்திய வாணிபத்தை அறிஞர்கள் எடுத்துரைத்தனர். உடைந்த துண்டும் பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

காகிதத் துண்டும் அவ்வாறே பேசும். 1979இல் தெகரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது, நீள நீளமான கீற்றுகளாக நறுக்கப்பட்டிருந்த ஆவணங்களை ஈரானியர் பொறுமையுடன் அடுக்கிச் சேர்த்துப் படித்துவிட்டனர். 1989இல் கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் போலீசார் தம் கோப்புகளை அவசரமாக அழிக்க முற்பட்டபோது, நறுக்கும் எந்திரங்கள் ஓய்வின்றி ஓடிச் சூடேறி நின்றுபோயின. எஞ்சியவற்றைக் கையால் கிழித்தார்கள். அவ்வாறு கிழிந்த தாள்கள் ஏறத்தாழ 16,000 மூட்டைகளில் அகப்பட்டன. 1995 முதல் அவற்றை ஒட்டிச் சேர்க்கும் பணி நடைபெற்றது.

நம் வீட்டுத் தாள்களில் அரசாங்க இரகசியம் ஏதுமில்லைதான். ஆனால் கடவுச்சீட்டு நகல், ஆதார் நகல், வங்கிக் கணக்குத்தாள், மருத்துவச் சீட்டு ஆகியவை இருக்கின்றன. பழைய தாள்களை நிறுத்து விற்றால், அவை பலகாரக் கடையில் பொட்டலமாகிப் பலர் கைக்குப் போகின்றன. தம் பெயரால் யாரோ கடன் பெற்றதைப் பின்னால் அறிந்து வருந்துவோர் உண்டு. குடும்பத் தலைவர் கடல்கடந்து இருக்கும் வீடுகளில் இந்தக் கவனம் இருமடங்கு தேவை. பங்கு அலுவலகத்திலோ, பிறர் நம்பிக்கையோடு நம்மிடம் கொடுத்த தாள்கள் கிடக்கின்றன. அவற்றைக் காப்பது பிறரன்பைச் சேர்ந்த கடமை.

கருவியின் உள்ளமைப்பு

பார்வைக்கு மிரட்டினாலும் இதன் அமைப்பு எளியது. பற்களுள்ள வட்டத் தகடுகள் கோத்த இரண்டு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழல்கின்றன. அவற்றைச் சுழற்ற ஒரு சிறு மோட்டார். இடையில் வேகத்தைக் குறைத்து வலிமையைக் கூட்டும் பற்சக்கரங்கள். தாள் நுழையும் வாயின் நடுவே, தாள் வந்ததை உணர்ந்து மோட்டாரை ஓடவிடும் ஒரு கண் அல்லது சிறு நெம்பு. சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு ஒன்று. தொட்டியை வெளியே இழுத்தால் ஓட்டத்தை நிறுத்தும் காப்பு விசை ஒன்று. பழுது இந்த ஆறு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே முறை.

கை வைக்குமுன்

மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பொத்தானை அணைப்பது மட்டும் போதாது. ஏனெனில், அந்தக் கண்ணின்முன் நம் விரலோ ஒரு துண்டுத் தாளோ பட்டால் எந்திரம் தானே ஓடத் தொடங்கும். கழுத்துச் சங்கிலி, முந்தானை, தொங்கும் ஜெபமாலை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளை அருகில் விடவேண்டா. தாளைப் பிடித்திருக்கும் பிஞ்சு விரல் தாளோடு உள்ளே போய்விடும். வேலையில்லாத நேரங்களிலும் செருகியைக் கழற்றியே வைப்பது நலம்.

அசைவே இல்லாவிடில்

விளக்கும் எரியவில்லை, ஓசையும் இல்லை என்றால், முதலில் அதே துளையில் வேறொரு விளக்கைச் செருகிப் பாருங்கள். வளைகுடாவிலிருந்து வந்த கருவிகளுக்கு மற்றொரு சோதனையும் உண்டு. அவற்றின் செருகி பெரும்பாலும் தட்டையான மூன்று கால்களை உடையது. நம் சுவர்த்துளையில் பொருந்துவதற்காக இடையில் ஒரு மாற்றுச் செருகியைப் பயன்படுத்துகிறோம். அது தளர்ந்திருந்தால் தொடுப்பு விட்டுப்போகும். மேலும், அத்தகைய செருகியின் உள்ளேயே ஒரு சிறு ஃபியூஸ் இருக்கும். அது போயிருந்தாலும் கருவி செத்ததுபோலக் கிடக்கும். அதே அளவுள்ள புதிய ஃபியூஸை இட்டால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்த கருவியாயின், பின்புறச் சீட்டில் 220-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தபின்னரே செருகவேண்டும்.

அடுத்து, தொட்டி முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா, தலைப்பகுதி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி நிரம்பித் துண்டுகள் மேலே முட்டினாலும் சில கருவிகள் ஓடா. இவை யாவும் சரியாக இருந்தால், சற்றுமுன் வெகுநேரம் ஓட்டினோமா என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கருவிகள் பலவும் சில நிமிடங்கள் ஓடி அரைமணியோ அதற்கு மேலோ ஆறவேண்டியவை. ஒருமணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் தானே உயிர்பெறும். கிழக்கு ஜெர்மனியின் எந்திரங்களுக்குக் கிடைக்காத ஓய்வை நாமேனும் கொடுப்போம்.

முனகுகிறது, சுழலவில்லை

நம் வாசகியின் வினா இதுவே. மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. உருளைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. முனகவிட்டுக்கொண்டே நிற்கக்கூடாது. சுழலாத மோட்டாரில் ஓடும் மின்சாரமெல்லாம் சூடாகி, கம்பிச்சுருளைக் கருக்கிவிடும்.

விசையைப் பின்னோக்கிய ஓட்டத்திற்கு மாற்றி இரண்டொரு நொடி அழுத்துங்கள். பிறகு முன்னோக்கி ஒரு நொடி. இவ்வாறு மாறி மாறி நான்கைந்து முறை செய்தால் தாள் பெரும்பாலும் விடுபடும். விடுபடாவிடில் செருகியைக் கழற்றிவிட்டு, தலைப்பகுதியை எடுத்து ஒரு பழந்துணிமேல் கவிழ்த்து வையுங்கள். நீண்ட மூக்குக் குறட்டாலோ சாமணத்தாலோ சிக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாக, பல்லின் போக்கிலேயே இழுத்தெடுக்க வேண்டும். கத்தி நுனியால் நெம்பினால் பல் உடையும், கையும் வெட்டுப்படும். இறுகிப்போன கட்டியாயின், கருவிக்குரிய எண்ணெயில் சில சொட்டுகளைப் பற்களின் நீளத்திற்கும் இட்டு ஓர் இரவு விட்டுவையுங்கள். தாள் ஊறி இளகும். மறுநாள் மீண்டும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் முடியாதது மூன்று நாளில் முடியக்கூடும். அவசரப்படுவோரே எந்திரத்தை முறிக்கிறார்கள்.

அடைப்பின் காரணம் பெரும்பாலும் நம்மிடமே உள்ளது. எட்டுத் தாள் எடுக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது மெல்லிய, உலர்ந்த, புதிய தாளுக்கான கணக்கு. ஐந்தோடு நிறுத்துவது நலம். ஒட்டுத்தாளும் பசைநாடாவும் பற்களில் பசையைப் பூசிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலோர வீட்டு அலமாரிக்குள் இருக்கும் தாள்கூட ஈரம் உண்டு தளர்ந்துவிடுகிறது. அத்தகைய தாள் நறுங்காமல் மடிந்து உருளையைச் சுற்றிக்கொள்ளும். மழைக்காலத்திற்குப்பின் எந்திரம் நின்றது என்ற வாசகியின் குறிப்பு நம்மை இவ்விடத்திற்கே அழைத்துவருகிறது. கருவாடு காயவைப்பதுபோல் தாளையும் ஒரு பகல் வெயிலில் காயவைத்து, பிறகு நறுக்குங்கள்.

நில்லாமல் ஓடினால்

தாள் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருந்தால், அந்தக் கண் மறைபட்டிருக்கிறது என்று பொருள். ஒரு துண்டுத் தாளோ தூசியோ அதன்முன் ஒட்டியிருக்கும். செருகியைக் கழற்றி, ஈர்க்கில் சுற்றிய பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்துப் பிழிந்து, வாயின் நடுவே இருபுறமும் துடையுங்கள். ஸ்பிரிட் முற்றிலும் உலர்ந்த பின்னரே மீண்டும் செருகவேண்டும். தாள் நுழைத்தும் ஓடாவிடினும் இதே மருந்துதான். சிறு சீட்டுகளை ஓரத்தில் நுழைத்தால் கண்ணுக்குத் தெரியாது; நடுவில் நுழைக்கவேண்டும்.

மோட்டார் ஓடுகிறது, உருளை சுழலவில்லை

மோட்டார் ஓடும் ஓசையும் "டக் டக்" என்ற சத்தமும் கேட்டு, உருளை மட்டும் அசையாவிடில், பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த கருவிகளில் இது நைலானால் ஆனது. அடிப்புறத் திருகாணிகள் ஆழமான துளைகளில் இருக்கும். நீண்ட திருப்புளி வேண்டும். கழற்றும்போதே ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, திருகாணிகளை எவர்சில்வர் தட்டில் வரிசையாக வையுங்கள். தேய்ந்த சக்கரத்தோடு மிக்ஸி பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றால், ஒத்த சக்கரம் கிடைக்கவும் கூடும். கிடையாதாயின் கருவியைச் செய்தவர்களுக்கு எழுதலாம்.

உட்புறத்தைத் தூரிகையால் தூசு நீக்குவதோடு வீட்டார் பணி முடிகிறது. மின்சாரப் பலகையையும் அதிலுள்ள கண்டென்சரையும் தொடவேண்டா. செருகியைக் கழற்றிய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். கருகிய வாடை வந்தால், இராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ மோட்டார் வைண்டிங் செய்பவரிடம் காட்டி, செலவைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எண்ணெயும் உப்புக்காற்றும்

தொட்டியைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் இடுவது நல்ல வழக்கம். ஒரு தாளின்மீது பாம்பு வளைவதுபோல எண்ணெய்க் கோடு இட்டு, அத்தாளை நறுக்கக் கொடுத்து, பின்பு சற்றுநேரம் பின்னோக்கி ஓட்டினால் பற்களெல்லாம் நனைந்துவிடும். இதற்கென விற்கும் எண்ணெயே சிறந்தது. சமையலறைத் தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகும். பீய்ச்சியடிக்கும் டப்பா எண்ணெய் எதனையும் ஒருபோதும் இதில் அடிக்கவேண்டா. அதிலுள்ள வாயு உள்ளே தங்கி, மோட்டாரின் பொறி பட்டுத் தீப்பற்றிய விபத்துகள் உண்டு. இது ஒன்றை மட்டும் மறவாதீர்கள்.

கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று எஃகுப் பற்களைத் துருவேற்றும். கடலை நோக்கிய சன்னலருகே கருவியை வைக்கவேண்டா. பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்படுத்தும். பருத்தித் துணியால் மூடுங்கள். வேலை இல்லாவிடினும் வாரம் ஒருமுறை எண்ணெய்த்தாள் ஒன்றை ஓட்டுங்கள்.

பழுதுபார்க்க இயலாவிடில்

எல்லாம் செய்தும் ஓடாவிடில் மனம் தளரவேண்டா. எந்திரம் வருமுன்னரும் வழி இருந்தது. தாள்களைச் சிறிதாகக் கிழித்து ஒரு வாளி நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, மாவு பிசைவதுபோலப் பிசைந்துவிடுங்கள். எழுத்தும் எண்ணும் கூழாகிவிடும். அக்கூழை யாராலும் ஒட்டிச் சேர்க்க முடியாது. புதிதாக வாங்குவோர், கீற்றாக நறுக்குவதை விட்டு, குறுக்கேயும் வெட்டிப் பொடித்துண்டாக்கும் வகையை வாங்குவது நலம். தெகரான் கதை கற்பிக்கும் பாடம் அது. பழைய கருவியைக் குப்பைமேட்டில் எறியாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். நறுக்கிய துண்டுகள் சங்கு, சிப்பிப் பொருள்களைப் பெட்டியில் அடைக்கும்போது மெத்தையாகவும், தென்னையடி எருக்குழியில் உரமாகவும் பயன்படும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பயன்படுத்தி எறிந்துவிடும் பழக்கத்தைக் கண்டித்தபோது, மறுசுழற்சிக்குப் போகாமல் எறியப்படும் காகிதத்தையே எடுத்துக்காட்டாகக் காட்டினார். ஐயாயிரம் பேர் உண்டு நிறைந்தபின், எஞ்சிய துண்டுகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்துவைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அப்பங்களைப் பெருக்க வல்லவரே துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார் என்றால், ஓர் அடைப்பை எடுக்கப் பொறுமையின்றி முழுக்கருவியை எறிவதற்கு நாம் யார்? தச்சுப்பட்டறையில் உழைத்த புனித சூசையப்பரின் பெயரைச் சொல்லிக் குறட்டைக் கையில் எடுங்கள். செருகியைக் கழற்றிவிட்டீர்களா என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.